நினைவுச் சோதனையில் குறைந்த புள்ளி: அடிபட்டவரும் வீட்டாரும் அறிய வேண்டியவை

வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்கையில் மோட்டார் சைக்கிள் மோதித் தலையில் அடிபட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் கடைக்குப் போனால் வாங்க வந்த சாமான் மறந்துபோகிறது; அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிறது. நட்டஈடு கேட்டதும் நினைவாற்றல் சோதனைக்கு அனுப்புகிறார்கள். அறிக்கையில் “போதிய முயற்சி காட்டவில்லை” என்று ஒரு வரி. வீட்டார் அதை “நடிக்கிறார்” என்று வாசித்து இடிந்துபோகிறார்கள்.

அந்த வரி எப்படி வருகிறது? இரத்தத்தைப்போல நினைவை எடுத்து அளக்க முடியாது. முயன்று பதில் சொன்னால்தான் புள்ளிக்குப் பொருள் உண்டு. அதனால், கடினமாகத் தோன்றினாலும் உண்மையில் எளிதான சோதனைகளையும் உளவியலாளர்கள் சேர்க்கிறார்கள். டொம் டொம்பா 1996இல் வெளியிட்ட சோதனை இதில் பெயர்பெற்றது. 50 படங்களைக் காட்டிவிட்டு, பிறகு இரண்டிரண்டாக வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்பார்கள். மூளையில் காயம்பட்டவர்களிலும் பெரும்பாலானோர் இதில் தேறிவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சுமார் 25 சரியாகும். அதைவிட வெகுவாகக் குறைந்தால், சரியான விடையைத் தெரிந்தே தவிர்த்தார் என்ற ஐயம் வலுக்கும்.

மற்றபடி, இதில் தவறுவது ஒன்றையே சொல்கிறது: அன்றைய புள்ளியை அவருடைய நினைவாற்றலின் அளவாக எடுக்க முடியாது. ஏன் என்று அது சொல்லாது. முதுமை மறதி நோயோ அறிவுவளர்ச்சிக் குறைபாடோ உள்ளவர் முயன்றும் தவறலாம். கொட்டாஞ்சேனையில் தமிழிலேயே வாழ்ந்தவரிடம் வேற்றுமொழிச் சொற்பட்டியலைக் கொடுத்தால் அளக்கப்படுவது மொழியறிவுதான். அதனால்தான் ஒரே சோதனையை வைத்து முடிவெடுக்காமல், பல சோதனைகளையும் வைத்தியசாலைப் பதிவுகளையும் அன்றாட வாழ்க்கையையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான முறை.

“கொஞ்சம் கூட்டிச் சொல்லு, காசு கூடக் கிடைக்கும்” என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். ஒரு இடத்தில் மிகைப்படுத்தினால் உண்மையான பாதிப்பையும் நம்ப மாட்டார்கள்.

சோதனைக்கு முன்: தமிழில் நடத்தும்படி கேளுங்கள். தமிழ் அரசகரும மொழி. அரச நிறுவனம் மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் புத்தகம், மூக்குக்கண்ணாடி மூன்றையும் கொண்டுபோங்கள். குடிக்கும் மருந்து, தூக்கக்குறைவு, தலைவலி, படிப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சோதனைக்குப் பின்: அறிக்கையின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். அரச வைத்தியசாலையானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் துணைக்கு உண்டு. எத்தனை சோதனைகள், எந்த மொழியில், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் இன்னொரு நிபுணரிடம் காட்டுங்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வேலையில் நேர்ந்த விபத்துக்கு வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம். பிறரின் கவனக்குறைவால் நேர்ந்த காயத்துக்கு நட்டஈடு கேட்கும் வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அறிக்கைக்காகக் காத்திருந்து தவணையைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக, இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். எந்தத் திகதியில் எதை மறந்தார், யார் பார்த்தார் என்று நாள்தோறும் எழுதுங்கள். மறப்பவரால் தன் மறதிகளை நினைவில் வைத்திருக்க முடியாது. அவருக்காக அதைச் செய்ய வேண்டியவர்கள் வீட்டார்தான்.