ரயிலில் காய்கறி அனுப்பப் போகிறீர்களா? ரசீதை முதலில் பாருங்கள்!

‘லாரி வாடகை கட்டுப்படியாகவில்லை. காய்கறி, பூவை ரயிலில் அனுப்பலாமா?’ - இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தாராளமாக அனுப்பலாம். ஆனால், கிலோவுக்கு எவ்வளவு கட்டணம் என்பதை மட்டும் கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

2020 ஆகஸ்ட் 7-ம் தேதி மகாராஷ்டிராவின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் ‘கிசான் ரயில்’ புறப்பட்டது. 1,519 கி.மீ தூரத்துக்குச் சுமார் 32 மணி நேரம் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். குறைந்தபட்சம் இத்தனை டன் ஏற்ற வேண்டும் என்ற நிபந்தனை இல்லாததால், சில பெட்டி மாதுளை வைத்திருந்தவரும் ஏற்ற முடிந்தது. அக்டோபரில் காய்கறி, பழங்களுக்குப் பாதிக் கட்டணத்தை மத்திய அரசு மானியமாக ஏற்றதும் வரவேற்பு கூடியது. டிசம்பர் 28-ம் தேதி 100-வது வண்டி, சங்கோலாவிலிருந்து மேற்கு வங்கத்தின் ஷாலிமாருக்குக் கிளம்பியது.

மானியம் இல்லாமல் பார்த்தால் கணக்கு மாறிவிடும். தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வேன் வாடகை, ஏற்றுக்கூலி, அந்தப் பக்கம் இறக்குக்கூலி, அங்கிருந்து மண்டிக்கு மறுபடியும் ஒரு வண்டி. லாரியோ தோட்டத்தில் ஏற்றினால் மண்டி வாசலில்தான் இறக்கும். தக்காளியை நாலு முறை கைமாற்றினால் எவ்வளவு நசுங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூரம் கூடக்கூடத்தான் ரயில் கட்டுப்படியாகும். பக்கத்து மாவட்ட மண்டிக்கு லாரியே போதும்.

இனிதான் முக்கியமான விஷயம். சரக்கு கெட்டுப்போனால் யார் பொறுப்பு? ரயில்வே சட்டம் 1989 இதற்கு இரண்டு வகைக் கட்டணம் வைத்திருக்கிறது. ஒன்று ‘ரயில்வே பொறுப்பு’, இன்னொன்று ‘உரிமையாளர் பொறுப்பு’. இரண்டும் அமலில் உள்ள சரக்குக்கு, எது வேண்டும் என்று நீங்கள் குறிப்பிடாவிட்டால், உரிமையாளர் பொறுப்பில் அனுப்பியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு சேதமானால், ரயில்வேயின் அலட்சியம்தான் காரணம் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். எங்கோ நள்ளிரவில் பெட்டியைத் தூக்கிப் போட்டதற்கு சாட்சிக்கு எங்கே போவது? பார்சல் படிவத்தில் கையெழுத்து போடும் முன் இந்த ஓர் இடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது மதிப்பு. சரக்கின் மதிப்பை எழுதிக்கொடுத்து, அதற்கான சதவிகிதக் கட்டணத்தையும் கட்டாவிட்டால், இழப்பீடு கிலோவுக்கு 50 ரூபாயைத் தாண்டாது. வெங்காயத்துக்கு இது பெரிய பாதிப்பில்லை. கிலோ 800 ரூபாய் விற்கும் நாளில் 20 கிலோ மல்லிகை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16,000 ரூபாய் பூ தொலைந்தால், கைக்கு வருவது அதிகபட்சம் 1,000 ரூபாய்.

நம்மவர்கள் பலரும் ஏமாறும் இடம் மற்றொன்று. மற்ற சரக்குகளுக்கு, வண்டி போய்ச் சேர்ந்த பிறகும் ஏழு நாள்வரை ரயில்வேக்குப் பொறுப்பு உண்டு. அழுகும் பொருளுக்கு அது கிடையாது. போக்குவரத்து முடிந்ததுமே பொறுப்பும் முடிந்துவிடும். ஆகவே, ‘காலையில் ஆள் அனுப்புகிறேன்’ என்று சொல்லும் மண்டிக்காரரை நம்பி இரவு வண்டியில் ஏற்றாதீர்கள். வண்டி நிற்கும் நேரத்தில் எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

பெட்டி உடைந்தோ, பிரித்த அடையாளத்தோடோ வந்தால், அப்படியே வாங்கிக்கொண்டு போகாமல் ‘ஓப்பன் டெலிவரி’ கேட்கச் சொல்லுங்கள். அதிகாரிகள் முன்னிலையில் பிரித்து, சேதத்தை எழுதிக்கொடுப்பார்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இழப்பீடு கோரும் நோட்டீஸை, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ரயில்வே நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் கொடுத்துவிட வேண்டும். அங்கே தீராவிட்டால், சென்னையில் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. மனு செய்ய மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால், அந்த ஆறு மாத நோட்டீஸ் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை.