அளவுகோலும் வளரிளம் பருவமும்

நுழையும்முன்

நோயைச் சரியாகக் கண்டறிவதே மருத்துவத்தின் முதற்படி. பெரியவர்களுக்கென அமைந்த அளவுகோலால் வளரிளம் பருவத்தினரை அளந்தால் என்ன நேரும்? மதுப் பயன்பாட்டுக் கோளாற்றை முன்வைத்து இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

தோற்றமும் உண்மையும்

திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. அங்கு இரவுச் சுழற்பணிக்குப் புதிதாகச் சேரும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்குத் தூக்கம் கெடுகிறது. சோர்வும் எரிச்சலும் மிகுகின்றன. இவை பணிநேர மாற்றத்தின் விளைவாகவும் இருக்கலாம். மதுப்பழக்கத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தால், குற்றமற்றவர்மீது பழி விழும். அல்லது உதவி தேவைப்படுபவர் கைவிடப்படுவார்.

மாறிய அளவுகோல்

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல் வெளியிட்ட கையேடு, 'தவறான பயன்பாடு', 'சார்புநிலை' என இரு பட்டியல்களைத் தந்தது. சார்புநிலை எனக் கூற, ஏழு அறிகுறிகளுள் மூன்றேனும் இருத்தல் வேண்டும். இரண்டு மட்டுமே உடையோர், மற்றப் பட்டியலிலும் இடம்பெறாவிடில், எந்நோயும் இல்லாதவராகக் கருதப்பட்டனர். இவ்வாறு விடுபட்டோருள் வளரிளம் பருவத்தினரும் இருந்தனர். 2013ஆம் ஆண்டுக் கையேடு இரண்டையும் ஒன்றாக்கியது. பதினொரு அறிகுறிகளுள் இரண்டேனும் ஓராண்டிற்குள் தோன்றி, வாழ்க்கையைப் பாதித்தால் கோளாறு உண்டு என வரையறுத்தது.

எஞ்சிய சிக்கல்

முன்பு போதை தந்த அளவு பின்னர் போதாமற்போவது அவ்வறிகுறிகளுள் ஒன்று. புதிதாகக் குடிக்கத் தொடங்கியவரிடம் இம்மாற்றம் விரைவில் தோன்றக்கூடும்; அதனை மட்டும் கொண்டு நோய் என்பது மிகை. குடியை நிறுத்தியதும் கைநடுக்கம் முதலியன தோன்றுவது மற்றோர் அறிகுறி. இது பெரும்பாலும் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரிடமே காணப்படும். ஆகவே, நடுக்கம் இல்லை என்பதால் இளையவர் ஒருவர் நலமாக உள்ளார் எனக் கொள்ளுதல் குறை.

கேட்கும் முறை

இதனால் இளையோருக்கெனத் தனி வினாக்கள் உருவாயின. பாஸ்டன் நகரில் உருவான 'கிராஃப்ட்' வினாத்தொகுப்பு ஆறு வினாக்களைக் கொண்டது. தனிமையில் குடித்ததுண்டா, குடித்தபின் செய்தவற்றை மறந்ததுண்டா, குடித்தவர் ஓட்டிய வாகனத்தில் சென்றதுண்டா என்பன போன்றவை அவை. இரண்டிற்கு 'ஆம்' எனில், விரிவான ஆய்வு தேவை. அவ்விடை நோயின் முடிவன்று, உரையாடலின் தொடக்கமே. பெற்றோரும் நண்பரும் அருகில் இல்லாதபோது, மறைகாக்கும் உறுதியுடன் கேட்டாலே உண்மை வெளிப்படும்.

சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடிநோய்க்குச் சிகிச்சை அளித்து வருகிறது. மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். குடிநோய் ஒழுக்கக்கேடு அன்று. மருத்துவம் பெற வேண்டிய நிலை. உரிய காலத்தில் சரியாகக் கண்டறிவதே ஓர் இளைஞரின் கல்வியையும் பணியையும் காக்கும்.