காற்றாலையும் பருந்தும்



'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பது நம் முன்னோர் மொழி. அன்று நெல் தூற்றப் பயன்பட்ட காற்று, இன்று மின்சாரமும் தருகின்றது. தமிழகத்தின் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் காற்றாலைகள் காடுபோல் நிற்கின்றன. புகையின்றி மின்சாரம் கிடைப்பது பெரும் நன்மையே. ஆயினும் அதே காற்றை நம்பி வாழும் பறவையொன்று உண்டு. அதுவே பருந்து.

பருந்து ஓயாது சிறகடித்துப் பறப்பதில்லை. மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றும், வெயிலில் சூடேறி உயரும் காற்றும் அதனைத் தாங்கிச் செல்கின்றன. காற்றாலை அமைப்போரும் நல்ல காற்று வீசும் மலைமுகட்டையே நாடுகின்றனர். ஆகவே இருவர் நாடும் இடமும் ஒன்றாகிவிடுகின்றது. இரை தேடும் பருந்தின் பார்வை கீழ்நோக்கியே இருக்கும். எதிரே சுழலும் இறக்கையைக் காணத் தவறுவதுண்டு. சில பறவைகள் அடிபட்டு மடிகின்றன. சில அவ்விடத்தை விட்டே அகலுகின்றன.

இதனால் விளைவது யாது? மகாராட்டிர மாநிலம் சாத்தாரா மாவட்டத்துச் சால்கேவாடி மேட்டுநிலத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர் ஒருவர் தம் குழுவினருடன் இதனை ஆராய்ந்தார். முடிவு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. காற்றாலை உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டு, பறவைகளையும் ஓணான்களையும் எண்ணினர். காற்றாலை உள்ள இடத்தில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருந்தன. அவற்றுக்கு இரையாகும் ஓணான்களோ பெருகியிருந்தன. அச்சம் குறைந்த அவை, மனிதர் நெருங்கியபோதும் விரைந்து ஓடவில்லை. ஆயினும் உடல் மெலிந்திருந்தன. வானில் ஒன்று குறைந்தால் தரையில் பல மாறும் என்பது இதனால் புலனாகின்றது.

தோட்டப்புற மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. செம்பனைத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டி வைப்பது எதற்காக? பழக்குலையைக் கடிக்கும் எலிகளை அவை வேட்டையாடும் என்பதற்காகவே.

அங்ஙனமாயின் காற்றாலையே வேண்டாமா? அன்று. ஸ்பெயின் நாட்டின் தென்கோடியிலுள்ள தாரிபாப் பகுதியில், கழுகு நெருங்குவதைக் காவலர் கண்டதும், அந்தக் காற்றாலையை மட்டும் சிறிது நேரம் நிறுத்தினர். கழுகுகளின் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மின்சார இழப்போ மிகமிகச் சிறிது.

நம் மலேசியாவில் பெரிய காற்றாலைப் பண்ணைகள் இன்னும் எழவில்லை. எனினும் பறவைகளின் வழியை முன்னரே அறிந்து வைத்தல் நலம். போர்ட் டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான் முனையில், ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, தேன்பருந்து முதலிய பறவைகள் சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து கரை சேர்கின்றன. கடலின்மேல் வெப்பக்காற்று எழுவது குறைவாதலால், சிறகடித்துக் களைத்து வருகின்றன. மலேசிய இயற்கைக் கழகத்தினர் அவற்றை எண்ணிக் குறித்து வருகின்றனர். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வாழ் பெற்றோர் தம் பிள்ளைகளுடன் ஒரே நாளில் சென்று கண்டு திரும்பலாம்.

எந்த மாதத்தில், எத்திசையில், எத்தனை பறவைகள் சென்றன என்னும் அக்குறிப்புகளே, காற்றாலையை எங்கே நாட்டலாம், எங்கே நாட்டலாகாது என்பதை நாளை நமக்கு உணர்த்தும்.