காக்காய் சுட ஒரு ஆசாமி! சினிமாவில் பெயரும் போட்டார்கள்!!

திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் அமாவாசை அன்று பாருங்கள். மாடியில் இலை போட்டுச் சோறு வைத்து, "கா... கா..." என்று தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள். காக்காய் வாய் வைத்தால்தான் வீட்டுக்காரர் சாப்பிட உட்காருவார்.

ஆனால் காக்காய் வந்தால் குடி முழுகிப் போகும் என்று ஒரு கூட்டம் சென்னையில் நடுங்கியது. அது 1934-ம் ஆண்டு. இடம் அடையாறு. மீனாட்சி சினிடோன் ஸ்டுடியோவில் "பவளக்கொடி" படப்பிடிப்பு!

எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். ஜோடி எஸ்.டி.சுப்புலட்சுமி. கே.சுப்பிரமணியம் டைரக்டர் ஆனதும் அந்தப் படத்தில்தான். மேடையில் சக்கைப்போடு போட்ட நாடகத்தை அப்படியே படமாக்கினார்கள். பாட்டு மட்டும் சுமார் 50!

சூரியன்தான் விளக்கு

ஸ்டுடியோ என்றதும் ஏ.சி. தளத்தை நினைக்க வேண்டாம். திறந்தவெளி. வெயிலைத் தகடுகளில் பிடித்து நடிகர் முகத்தில் அடிப்பார்கள். மேகம் வந்தால் வேலை நின்றது.

பின்னணி பாடுவதும் அப்போது கிடையாது. (தமிழில் அது 1938-ல் "நந்தகுமார்" படத்தில்தான் வந்தது.) நடிப்பவரே அங்கேயே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிரா கண்ணில் படாமல் ஒளிந்து வாசிக்க வேண்டும். எல்லாம் ஒரே மூச்சில் பதிவாகும். நடுவில் ஒருவர் இருமினால் போச்சு! அத்தனை பிலிமும் குப்பை. மறுபடி முதலில் இருந்து தொடங்குவதற்குள் வெயில் சாய்ந்துவிடும். முதலாளிக்கு ஒரு நாள் செலவு தண்டம்.

சாப்பாட்டால் வந்த வினை

மத்தியானம் ஆட்கள் சாப்பிட்டு மிச்சத்தை வெளியே போடுவார்கள். அதைக் கொத்தக் காக்காய்க் கூட்டம் வந்துவிடும். தின்றுவிட்டுப் போனால் தேவலை. உட்கார்ந்து கச்சேரியை ஆரம்பித்துவிடும்! இங்கே பாகவதர் அர்ச்சுனன் வேடத்தில் உருகிப் பாடுவார். அங்கே "கா... கா..!" மைக்குக்குப் பாகவதர் யார், காக்காய் யார் என்று தெரியுமா? பாடும்போது கையைத் தட்டி விரட்டவும் முடியாது. அந்தச் சத்தமும் பதிவாகித் தொலையும்.

கடைசியில் ஜோ என்ற ஆங்கிலோ இந்தியரை ஏர்கன் துப்பாக்கியோடு வேலைக்கு வைத்தார்கள். சுட்டு விரட்டுவதுதான் அவர் உத்தியோகம். அதோடு விட்டார்களா? படத்தின் டைட்டிலில் "காக்காய் சுடுபவர் - ஜோ" என்று பெயரும் போட்டார்கள்! வருஷக்கணக்கில் கூட்டத்தில் நின்று நடித்தும் பெயர் வராமல் போனவர்கள் எத்தனையோ பேர் உள்ள தொழில் அது. ஜோ கொடுத்துவைத்தவர்.

படம் ஓஹோ என்று ஓடியது. பாகவதர் கொடி கட்டிப் பறந்தார். 1944-ல் வந்த அவருடைய "ஹரிதாஸ்" சென்னை பிராட்வே தியேட்டரில் 3 தீபாவளி கண்டது. அதே ஆண்டில்தான் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார்; 1947-ல் விடுதலை ஆனார். அது தனிக் கதை.

காக்காய் சுட்ட ஸ்டுடியோ பிறகு நெப்டியூன் ஆனது. அப்புறம் எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டுடியோ. இன்று அந்த இடத்தில் பெண்கள் கல்லூரி நடக்கிறது.