சூரைக் கறியும் காசநோய் மாத்திரையும்

திருகோணமலை மாவட்டத்து வெருகலில் மீன் இல்லாமல் ஒரு நோயாளிக்குச் சாப்பாடு போடுவது லேசான காரியமல்ல. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மகாவலியின் கிளையான வெருகல் ஆறு. கைக்கெட்டும் புரதம் இங்கே மீன்தான். அதனால் ‘உமக்கு மீன் ஒத்துக்கொள்ளாது’ என்று ஒருவருக்குச் சொல்லுமுன் எந்த மீன், ஏன், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேயாக வேண்டும்.

அப்படிக் கேட்டவர்கள் இலங்கை மருத்துவர்கள். காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை எடுத்துவந்த சிலருக்குச் சூரை மீன் சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்தது, தலையிடித்தது, நெஞ்சு படபடத்தது, உடம்பு அரித்தது. பார்த்தால் அசல் ஒவ்வாமை போலவே இருக்கும். நெஞ்சுநோய் மருத்துவர் சி. ஜி. உரகொடவும் எஸ். ஆர். கொட்டேகொடவும் 1977இல் ‘ட்யூபர்க்கிள்’ ஆய்விதழில் வேறு காரணத்தை எழுதினார்கள்.

சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. கொஞ்சமாக உள்ளே போனால் குடலில் உள்ள நொதி அதைச் சிதைத்துவிடும். ஐசோனியாசிட் அந்த நொதியைத்தான் முடக்குகிறது. வீட்டார் எல்லோரும் சாப்பிட்டுச் சும்மா எழும்பும் அதே கறி, மாத்திரை போடுபவரை மட்டும் விழுத்துவது இதனால்தான்.

இதை அறியாவிட்டால் இழப்பு பெரிது. மாத்திரைதான் குற்றவாளி என்று நிறுத்தினால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகலாம். மீன் முழுவதையும் ஒதுக்கினால், ஏற்கெனவே மெலிந்த உடம்பு தேறாது. சிகிச்சை முடியும்வரை, வழமையாக 6 மாதம், சூரை, கும்பளா, நெத்தலிக் கருவாடு போன்றவற்றை விலக்கிக் குளத்து விராலையோ திலாப்பியாவையோ ஆக்கிக் கொடுக்கலாம். பலருக்கு மாசி நினைவுக்கு வராது. அதுவும் சூரையில் செய்வதுதான். சம்பலில் இடித்துப் போட்டபின் கண்ணுக்குத் தெரியாது.

இறால், நண்டின் கதை வேறு. அங்கே குற்றவாளி ட்ரோப்போமயோசின் என்ற புரதம். இறாலோ நண்டோ எவ்வளவு புதிதாக இருந்தாலும் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது அடங்காது. பெரியவர்களுக்கு வரும் இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். மூச்சு முட்டினால் உடனே அட்ரினலின் ஊசி வேண்டும்; வீட்டில் ‘கொஞ்சம் தின்று பார்’ என்பது ஆபத்து. இவர்கள் கூனிச் சம்பலையும் தொடக் கூடாது. ஆனால் இறால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலர் மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். இரண்டையும் ‘கிரந்தி’ என்று ஒரே கணக்கில் போட்டு மறுப்பது எனக்கு மனம் நோகும் விடயம். இரத்தப் பரிசோதனையில் நேர் முடிவு வந்தாலே ஒவ்வாமை உறுதியாகிவிட்டதாகவும் எண்ண வேண்டாம். சாப்பிட்டபோது உண்மையில் என்ன நடந்தது என்ற வரலாறும் சேர்ந்துதான் முடிவு சொல்லும்.

சிக்கல் முற்றுவது, இந்த ஒவ்வாமையோடு நீரிழிவும் சிறுநீரக நோயும் ஒருவரிடமே சேரும்போது. காரணம் முழுதாகத் துலங்காத சிறுநீரக நோய் இதே திருகோணமலை மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரவிலும் உண்டு. நீரிழிவுக்காகச் சோற்றைக் குறைத்து, பருப்பும் கீரையும் கூட்டச் சொல்வார்கள். சிறுநீரகம் தளர்ந்து இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவருக்கு அதே கீரையும் இளநீரும் இதயத்துடிப்பையே குழப்பலாம். அதற்காகக் கீரையை அடியோடு விடத் தேவையில்லை. நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு போய்விடும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியர் சொல்வார். பிரஷருக்கு நல்லதென்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை மட்டும் இவர்கள் கேளாமல் வாங்கக் கூடாது. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைட்.