பழைய கணினி ஏன் மந்தமாகிறது?

உங்கள் வீட்டுக் கணினியில் இன்னும் விண்டோஸ் 7 தானா? அது மந்தமாவது ஏன்?

ரேம் எனும் தற்காலிக நினைவகம் நிரம்பினால் கணினி வன்தட்டை நாடும். சுழலும் தட்டில் தரவைத் தேடியெடுக்க ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் ஆகும். ரேமுக்குச் செக்கனின் கோடியில் ஒரு பங்கே போதும். வித்தியாசம் ஒரு இலட்சம் மடங்கு! விசிறியில் தூசு அடைத்தாலும் கணினி சூடேறும். செயலி தன்னைக் காக்க வேகத்தைக் குறைக்கும்.

எப்படிச் சரிசெய்வது? கணினியைத் திறந்ததும் தானாக ஓடும் தேவையற்ற மென்பொருள்களை நிறுத்துங்கள். மின்சாரத்தை நிறுத்தித் தூசைத் துடையுங்கள். ரேமைக் கூட்டுங்கள். வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்துங்கள். அதில் சுழலும் பாகமே இல்லை.

விண்டோஸ் 7க்கான பொதுப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் 2020 ஜனவரி 14இல் நின்றுவிட்டது. வேகம் மீண்டாலும் வங்கி வேலைக்கு அது வேண்டாம். இலகுவான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால், பிள்ளைகளின் படிப்புக்கு அதே கணினி இன்னும் சில வருடம் உழைக்கும்.