சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை நீரா?

நம் முதுகுப்புறத்தில் அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் இருப்பதைப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் இந்த நுண்ணிய வடிகட்டிகள் பழுதாகிவிடுகின்றன. வலி தெரியாததால், கால் வீங்கி மூச்சு வாங்கும்போதுதான் பலர் மருத்துவரிடம் செல்கிறார்கள். சிறுநீரகங்கள் முற்றும் ஓய்ந்துவிட்டால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டும். அல்லது டயாலிஸிஸ் செய்ய வேண்டும்.

டயாலிஸிஸ் என்றதும் மருத்துவமனை எந்திரத்தின் அருகே படுத்திருப்பதுதான் நினைவுக்கு வரும். வீட்டிலேயே செய்யும் முறையும் உண்டு. இதில் வயிற்றறையின் உட்சவ்வே வடிகட்டி! தொப்புளுக்கு அருகே ஒரு மெல்லிய குழாயைப் பொருத்திவிடுவார்கள். அதன் வழியே சுமார் 2 லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு வடித்துவிட வேண்டும். இரத்தத்திலுள்ள யூரியா முதலிய கழிவுகள் சவ்வின் வழியே திரவத்துக்குள் வந்துவிடும். நாளொன்றுக்கு வழக்கமாக நான்கு முறை. 1976-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பொபோவிச், மான்கிரீஃப் ஆகியோர் இம்முறையை வெளியிட்டனர். கனடாவின் டொராண்டோ நகரில் ஓரியோபுலோஸ் என்ற மருத்துவர் பிளாஸ்டிக் பைகளைக் கொண்டு இதை எளிதாக்கினார். 1921-இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே நகரில்தான்.

கழிவோடு, உடலில் தேங்கிய நீரையும் வெளியே இழுக்க வேண்டுமே? அதற்காகத் திரவத்தில் குளுக்கோஸ் கலந்திருக்கிறார்கள். மாங்காய்த் துண்டில் உப்புத் தூவினால் நீர் விடுகிறதல்லவா? அதே சவ்வூடு பரவல்தான். 1.5, 2.5, 4.25 சதவீதம் என மூன்று வலிமைகளில் பைகள் உண்டு. நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். 4.25 சதவீதப் பை ஒன்றில் 85 கிராம். தேக்கரண்டிக்கு 5 கிராம் என்றால் 17 கரண்டி! இதில் பெரும்பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்ளும்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டியார் இம்முறைக்கு மாறிய முதல் மாதத்தில் நடந்ததைக் கேட்டு வருந்தினோம். சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போக, "இனிப்பை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாயா, அம்மா?" என்று மகனே கேட்டுவிட்டாராம். மருத்துவரைக் கேளாமலே இன்சுலினையும் கூட்டினார்கள். மனம் நொந்த பாட்டியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் உடல் வியர்த்து, பேச்சுக் குழறிவிட்டது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்த பிறகே தெளிந்தார். பின்னர் செவிலியர் பையின்மேல் அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டி விளக்கியபோதுதான், சர்க்கரை வந்த வழி வீட்டாருக்குப் புரிந்தது.

இன்சுலினைச் சிதைத்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது ஓய்ந்தபின், போட்ட மருந்து நெடுநேரம் உடலில் தங்கும். ஆகவே பையினால் சர்க்கரை ஏறவும் செய்யும். இன்சுலினால் திடீரென இறங்கவும் செய்யும். பழைய மருந்துச் சீட்டு இப்போது உதவாது. எந்த வேளைக்கு எந்தப் பை, சர்க்கரை எவ்வளவு, எடை எவ்வளவு என்று நோட்டில் குறித்துக் காட்டினால், மருத்துவர் அதற்கேற்ப இன்சுலினை அமைப்பார். உப்பையும் தண்ணீரையும் அவர் சொன்ன அளவோடு நிறுத்தினால் வலிமை மிகுந்த பை அடிக்கடி தேவைப்படாது. ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்தால் சர்க்கரையும் குறையும் என்பது எங்களுக்குப் புதிய செய்தி! வடியும் நீரோடு புரதமும் வெளியேறுவதால் முட்டையின் வெள்ளைக்கரு போன்றவற்றைக் கூட்டச் சொல்கிறார்கள்.

குளுக்கோஸுக்குப் பதிலாக ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த பையும் உண்டு. அது உடலில் மால்டோஸாக மாறும். சில வகைச் சோதனைப் பட்டைகள் மால்டோஸையும் குளுக்கோஸாகக் கணக்கிட்டு, அளவைக் கூட்டிக் காட்டிவிடும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பட்டையை மருத்துவரிடம் கேட்டே வாங்க வேண்டும்.

தூய்மையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, முகமூடி கட்டி, மின்விசிறியை நிறுத்திய பிறகே குழாயைத் தொட வேண்டும். வடிந்த நீர் அரிசி கழுவிய நீர்போல் கலங்கியிருந்தால், கிருமி புகுந்திருக்கக்கூடும் என்று அப்போதே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பாட்டியார் இப்பொழுது மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையிலுள்ள எண்ணைத் தாமே படித்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். நோட்டுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தவள் எங்கள் தோழி.